ஹில்பர்ட் கிழித்த கோடு

பள்ளியில் வர்க்கப் பூர்த்தி முறை படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு நினைவிருக்கும். க² − 6க + 13 என்ற கோவையின் மிகச் சிறிய மதிப்பு என்ன? கோவையை (க − 3)² + 4 என்று மாற்றி எழுதினால் போதும். எந்த எண்ணின் வர்க்கமும் சுழியத்துக்குக் கீழே போகாது. ஆகவே இதன் மதிப்பு 4க்குக் கீழே இறங்காது; க = 3 என்னும்போது சரியாக 4 ஆகிறது. விடையும் அதற்கான சான்றும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. நம்பாதவர் அடைப்பை விரித்துப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் தேடுவதற்கு உகப்பாக்கம் என்று பெயர். பொறியாளர்களும் பொருளியலாளர்களும் அன்றாடம் புழங்கும் துறை அது. சமன்பாடுகள் வரையும் வளைவரைகளையும் பரப்புகளையும் ஆராய்வது இயற்கணித வடிவியல். தூய கணிதத்தின் உச்சாணிக் கொம்பில் இருப்பதாகப் பெயர்பெற்ற துறை. 2000ஆம் ஆண்டையொட்டி இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தேவை என்பது தெளிவானது. கிரிகோரி பிளெகர்மன், பாப்லோ பரீலோ, ரேகா தாமஸ் ஆகியோர் தொகுத்து 2013இல் வெளிவந்த நூல், இந்தச் சந்திப்புக்குக் ‘குவிவு இயற்கணித வடிவியல்’ என்ற பெயரை அட்டையிலேயே பொறித்தது.

சான்று இருக்கிறதா, இருந்தால் அது எவ்வளவு பெரியது என்பதை இயற்கணித வடிவியல் சொல்கிறது. அந்தச் சான்றைக் கணினியில் தேடி எடுத்துத் தருவது உகப்பாக்கத்தின் வேலை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் எந்தத் திசையில் நடந்தாலும், 1888இல் டேவிட் ஹில்பர்ட் கிழித்த ஒரு கோடு குறுக்கே வருகிறது.

கிண்ணமும் மலைத்தொடரும்

ஒரு வடிவத்துக்குள் எந்த இரு புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணைத்தாலும் அந்தக் கோடு வடிவத்தை விட்டு வெளியே போகாது என்றால் அது குவிவடிவம். முட்டை, செங்கல், இட்லி எல்லாம் இந்த வகை. பிறைநிலாவும் நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடையும் இதில் சேரா.

இந்த எளிய பண்புக்கு உகப்பாக்கத்தில் இருக்கும் மதிப்பு பெரிது. கிண்ணத்தின் விளிம்பில் எங்கே கோலிக்குண்டை விட்டாலும் அது அடிக்கே வந்து சேரும். மலைத்தொடரில் விட்டால் ஏதோ ஒரு பள்ளத்தில் சிக்கி நின்றுவிடும். அதைவிட ஆழமான பள்ளம் அடுத்த மலைக்கு அப்பால் இருக்கக்கூடும், குண்டுக்கு அது தெரியாது. குவிவான கணக்கு கிண்ணம் போன்றது. குவிவற்ற கணக்கு மலைத்தொடர்.

1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை குவிவான கணக்குகளில் மிக எளிய வகையைத் தீர்த்தது. அங்கே கட்டுப்பாடுகள் எல்லாம் நேரியல் அசமன்பாடுகள். அவை அடைக்கும் இடம் தட்டையான முகங்களும் கூர்மூலைகளும் கொண்ட பன்முகம். மூலைக்கு மூலை நடந்து சிறந்ததை அடையலாம். 1984இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய, குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர், மூலைகளைச் சுற்றாமல் பன்முகத்தின் உள்ளே ஊடுருவிச் செல்லும் வேகமான வழியைக் காட்டினார். அந்த உள்வழி, தட்டையான முகங்கள் இல்லாத வடிவங்களுக்கும் செல்லும் என்பதை யூரி நெஸ்தெரோவும் ஆர்க்காடி நெமிரோவ்ஸ்கியும் 1994இல் வெளியிட்ட நூலில் நிறுவினர்.

அவற்றுள் முக்கியமான வகை செமிடெஃபினிட் திட்டமிடல். இங்கே தேடப்படுவது ஓர் எண்ணோ எண்களின் பட்டியலோ அல்ல, ஒரு சமச்சீர் அணி. அதன் ஐகன் மதிப்புகள் எதுவும் குறையெண்ணாக இருக்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. அப்படிப்பட்ட அணியைச் செமிடெஃபினிட் அணி என்பார்கள். இயற்கணித வடிவியல் உள்ளே நுழைந்த வாசல் இந்த அணிதான். ஆனால் அந்த வாசலுக்கான கேள்வி நூறாண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது.

மூன்றே மூன்று இடங்கள்

1885இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி தம் முனைவர் பட்டத்துக்கான வாதத்தில் நின்றார். எதிர்வாதம் செய்யப் பணிக்கப்பட்டவர்களில் ஒருவர் அவருடைய நண்பர் ஹில்பர்ட். எந்த மதிப்பை இட்டாலும் குறையெண் ஆகாத பல்லுறுப்புக் கோவை எல்லாமே வர்க்கங்களின் கூடுதலாக எழுதக்கூடியவையா என்ற பேச்சு அங்கே எழுந்தது. இருக்காது என்பது மின்கோவ்ஸ்கியின் எண்ணம். ஹில்பர்ட்டும் அதை ஏற்றார். மூன்றாண்டு கழித்து அவரே முழு விடையையும் தந்தார்.

1888இல் வெளியான அந்த விடையின்படி, குறையெண் ஆகாத கோவை எப்போதும் வர்க்கங்களின் கூடுதலாக இருக்கும் சூழல்கள் மூன்றே. ஒரே மாறி கொண்ட கோவைகள், படி எவ்வளவானாலும். இருபடிக் கோவைகள், மாறிகள் எத்தனையானாலும். மூன்றாவது, தனித்து நிற்கும் ஒன்று: இரண்டு மாறிகள், நான்காம் படி. இவற்றுக்கு வெளியே எங்கே போனாலும், ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தும் வர்க்கங்களாகப் பிரியாத கோவை உண்டு.

வெளியே உண்டு என்பதை அவர் நிறுவிய வழியே இயற்கணித வடிவியல்தான். தளத்தில் இரண்டு முப்படி வளைவரைகள் ஒன்பது புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் எட்டுப் புள்ளிகள் வழியே செல்லும் எந்த முப்படி வளைவரையும் ஒன்பதாவது புள்ளியையும் தவறாமல் கடக்கும். இப்போது, எட்டுப் புள்ளிகளில் சுழியமாகி ஒன்பதாவதில் சுழியமாகாத, குறையெண்ணும் ஆகாத ஓர் ஆறாம் படிக் கோவையைக் கட்டினால் என்ன ஆகும்? அது வர்க்கங்களின் கூடுதல் என்றால், அந்த வர்க்கங்களுக்குள் இருப்பவை முப்படிக் கோவைகள். கூடுதல் சுழியமாகும் எட்டு இடங்களிலும் அவை ஒவ்வொன்றும் சுழியமாக வேண்டும். அப்படியானால் ஒன்பதாவதிலும் சுழியமாகிவிடும். கோவையோ அங்கே சுழியமில்லை. முரண்பாடு.

ஹில்பர்ட் இப்படி இருப்பை நிறுவினாரே தவிர, கையில் பிடித்துக் காட்டக்கூடிய எளிய எடுத்துக்காட்டு அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை. 1967இல் அச்சேறிய தியோடர் மோட்ஸ்கினின் கட்டுரை ஒன்றில் அது வந்தது:

க⁴த² + க²த⁴ + 1 − 3க²த²

இது குறையெண் ஆகாது என்பதற்குக் கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற பள்ளிப் பாடமே போதும். முதல் மூன்று உறுப்புகளின் பெருக்குச் சராசரி க²த². ஆகவே அவற்றின் கூடுதல் 3க²த²-ஐவிடக் குறையாது. வர்க்கங்களாகப் பிரியாது என்பதும் எளிதே. பிரியுமானால் ஒவ்வொரு வர்க்கத்துக்குள்ளும் 1, கத, க²த, கத² ஆகிய நான்கு உறுப்புகளே இருக்க முடியும். அவற்றைப் பெருக்கினால் க²த² என்ற உறுப்பு கத-வின் வர்க்கத்திலிருந்து மட்டுமே வரும். அதன் கெழு குறையெண்ணாக இருக்க வழியில்லை. கோவையிலோ அது −3.

ஆனால் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. மோட்ஸ்கின் கோவையை க² + த² + 1 என்பதால் பெருக்கினால் வருவது வர்க்கங்களின் கூடுதல். பொதுவாகவே, குறையெண் ஆகாத கோவையைப் பின்னங்களின் வர்க்கக் கூடுதலாக எழுத முடியுமா என்பதை 1900இல் பாரிஸ் மாநாட்டுக்காகத் தொகுத்த புகழ்பெற்ற 23 கேள்விகளில் 17ஆவதாக ஹில்பர்ட் வைத்தார். முடியும் என்று 1927இல் எமில் ஆர்டின் நிறுவினார். சான்று எப்போதும் இருக்கிறது. அதைக் கண்டெடுக்கும் வழிதான் இல்லாமல் இருந்தது.

சான்றைத் தேடும் கணினி

வழி கிடைத்தது உகப்பாக்கத்திலிருந்து. ஒரு கோவையை, அதன் ஒருறுப்புகளின் பட்டியலைக் கொண்டும் நடுவில் ஒரு சமச்சீர் அணியைக் கொண்டும் எழுதலாம். ஒரே கோவையைத் தரும் அணிகள் பல. அவற்றுள் ஒன்றாவது செமிடெஃபினிட்டாக இருந்தால் கோவை வர்க்கங்களின் கூடுதல். ஒன்றுகூட இல்லையென்றால் கோவை அப்படிப் பிரியாது. ஆக, வர்க்கங்களைத் தேடுவது என்பது செமிடெஃபினிட் அணியைத் தேடுவதுதான். நெஸ்தெரோவும் நெமிரோவ்ஸ்கியும் திறந்துவிட்ட வழியில் கணினி இந்தத் தேடலைச் செய்துவிடும்.

கீவ் நகரில் பணியாற்றிய நவும் ஷோர், பல்லுறுப்புக் கோவைகளின் மிகச் சிறிய மதிப்புக்கு இப்படிக் கீழ்வரம்பு காணலாம் என்பதை 1987இலேயே எழுதினார். கருத்து பரவலானது பிற்பாடுதான். 2000இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பரீலோ எழுதிய முனைவர் பட்ட ஆய்வும், 2001இல் பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து ழான்-பெர்னார் லாசேர் வெளியிட்ட கட்டுரையும் ஒரு புதிய துறையையே தொடங்கிவைத்தன. கட்டுப்பாட்டுப் பொறியியலில் இருந்து வந்தவர் பரீலோ. அவருக்கு வேண்டியது எந்திரம் நிலைகுலையாது என்பதற்கான சான்று. லாசேர் அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து, நிகழ்தகவுப் பரவல்களின் திருப்புத்திறன்கள் வழியாக அணுகினார். இருவரும் ஒரே ஏணியின் இரு பக்கங்களைப் பிடித்திருந்தார்கள்.

ஏணி என்பது வெறும் உவமை அல்ல. ஒவ்வொரு படியிலும் அனுமதிக்கப்படும் வர்க்கங்களின் படி கூடுகிறது. கிடைக்கும் கீழ்வரம்பும் உண்மையான விடையை நோக்கி மேலேறுகிறது. வரம்புக்குட்பட்ட பரப்பில் இந்த ஏணி உண்மையான விடையைக் கொண்டுபோய்த் தொடும் என்பதற்கு மிஹாய் புட்டினார் 1993இல் நிறுவிய தேற்றம் உறுதி. உகப்பாக்கத்துக்காக எழுதப்பட்ட தேற்றமல்ல அது.

ஒவ்வொரு படியேற்றத்துக்கும் விலை உண்டு. 10 மாறிகளில் நான்காம் படிக் கோவைக்கு 66 வரிசை கொண்ட அணி போதும். எட்டாம் படிக்குப் போனால் அது 1001 வரிசையாகிறது. 100 மாறிகளில் நான்காம் படிக்கே 5151. கணினிகள் மூச்சு வாங்கும் இடம் இது. கணக்கின் கடினம் இதைவிட ஆழமானது. நான்காம் படிக் கோவை ஒன்று குவிவானதா என்று கண்டறிவதே பொதுவாக மிகக் கடினமான, என்.பி. கடினம் எனப்படும் வகையைச் சேர்ந்தது என்று அமீர் அலி அஹ்மதி, அலெக்ஸ் ஒல்ஷெவ்ஸ்கி, பரீலோ, ஜான் சிட்சிக்லிஸ் ஆகியோர் 2013இல் வெளியான கட்டுரையில் நிறுவினர்.

இன்னொரு எச்சரிக்கை பிளெகர்மனிடமிருந்து 2006இல் வந்தது. படியை நான்கிலோ ஆறிலோ நிறுத்திவிட்டு மாறிகளைக் கூட்டிக்கொண்டே போனால், குறையெண் ஆகாத கோவைகளின் கடலில் வர்க்கங்களின் கூடுதல்கள் ஒரு துளியாகச் சுருங்கிவிடுகின்றன. அப்படியிருந்தும் நடைமுறைக் கணக்குகளில் ஏணியின் முதல் ஓரிரு படிகளே பல நேரம் சரியான விடையைத் தந்துவிடுகின்றன.

சமோசா

செமிடெஃபினிட் திட்டமிடலின் வடிவங்கள் எப்படி இருக்கும்? நேரியல் கணக்கில் பன்முகம் வகித்த இடத்தை இங்கே வகிப்பது ஸ்பெக்ட்ராஹெட்ரான். அவற்றுள் மிகப் புகழ்பெற்ற ஒன்றைக் காண மூன்று எண்கள் போதும்.

மழை, ஆற்று நீர்மட்டம், நெல் விளைச்சல் என்று மூன்று அளவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாக எடுத்தால் மூன்று ஒட்டுறவுக் கெழுக்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் −1க்கும் 1க்கும் இடையில் இருக்கும். ஆனால் மூன்றையும் மனம்போல எழுதிவிட முடியாது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் 0.9, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.9 என்றால், முதலுக்கும் மூன்றாவதுக்கும் 0.62க்குக் கீழே வரவே வராது. மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் இந்த மூன்று எண்கள் என்று எழுதும் அணி செமிடெஃபினிட்டாக இருக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டுப்பாடு.

அனுமதிக்கப்பட்ட மூவெண்களை எல்லாம் முப்பரிமாண வெளியில் புள்ளிகளாகக் குறித்தால் எலிப்டோப் எனப்படும் உருவம் எழுகிறது. நான்கு கூர்மூலைகள், அவற்றை இணைக்கும் ஆறு விளிம்புகளும் நேராக இருக்கின்றன, நடுவிலுள்ள நான்கு முகங்களும் உப்பியிருக்கின்றன. கணித வட்டாரத்தில் இதற்குச் சமோசா என்ற செல்லப்பெயரே உண்டு.

அந்தச் சமோசாவின் தோல் ஒரு முப்படிப் பரப்பின் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்படிப் பரப்புகளை வகைப்படுத்திய ஆர்தர் கெய்லியின் பெயரால் வழங்கும், நான்கு கூர்முனைகள் கொண்ட பரப்பு அது. ஒரு முப்படிப் பரப்பில் இதைவிட அதிகமான கூர்முனைகள் தனித்தனியாக இருக்க முடியாது. அதைத் தொடும் தளங்களை எல்லாம் புள்ளிகளாக மாற்றித் தொகுத்தால் வருவது, 1844இல் யாகோப் ஸ்டைனர் ரோமில் தங்கியிருந்தபோது கண்டறிந்த நான்காம் படிப் பரப்பு. ரோமன் பரப்பு என்றே அதற்குப் பெயர். உகப்பாக்கத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இருமைக் கணக்கு உண்டு என்பதும், வடிவியலில் ஒவ்வொரு பரப்புக்கும் ஓர் இருமைப் பரப்பு உண்டு என்பதும் இங்கே ஒன்றாகின்றன.

சமோசாவின் நான்கு மூலைகளுக்கும் ஒரு பொருள் உண்டு. மூன்று பேரை இரண்டு அணியாகப் பிரிக்க, எல்லோரும் ஒரே பக்கம் என்பதையும் சேர்த்து, நான்கு வழிகள். நான்கு மூலைகளும் அந்த நான்கு பிரிவினைகள். ஆயிரம் பேரைப் பிரிக்கும்போது மூலைகளை எண்ணிப் பார்ப்பது நடக்காது. அதற்குப் பதிலாக உப்பிய உருவம் முழுவதிலும் சிறந்த புள்ளியைத் தேடி, பிறகு அருகிலுள்ள பிரிவினைக்கு வரலாம் என்று மிஷல் கோமன்ஸும் டேவிட் வில்லியம்சனும் 1995இல் காட்டினர். இப்படிக் கிடைக்கும் பிரிவினை, சிறந்த பிரிவினையின் 0.878 பங்குக்குச் சராசரியில் குறையாது என்பது அவர்களின் தேற்றம். கணினி அறிவியலில் செமிடெஃபினிட் திட்டமிடலுக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்த முடிவுதான்.

ரோபோவின் கால், கேமராவின் கண்

கிண்ணத்தில் உருளும் கோலிக்குண்டின் உயரம் குறைந்துகொண்டே போவதால்தான் அது அடியில் வந்து அமைதியாகிறது. எந்த இயக்கத்துக்கும் இப்படிக் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் காட்டிவிட்டால் அது நிலைபெறும் என்று 1892இல் ரஷ்யக் கணித அறிஞர் அலெக்சாண்டர் லியாபுனோவ் நிறுவினார். அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு நெடுங்காலம் பொதுவான செய்முறை இல்லை. அனுபவமும் ஊகமும்தான் வழி. பரீலோவின் முறை வந்தபின் கணினியே தேடுகிறது: அளவு ஒரு வர்க்கக் கூடுதலாக இருக்க வேண்டும், அது குறையும் வேகமும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டால் போதும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரஸ் டெட்ரேக்கின் குழு, ரோபோ எந்த நிலையிலிருந்து தடுமாறினாலும் மீண்டும் நிமிரும் என்ற பரப்பை இவ்வாறு கணித்தது. அஹ்மதியும் அனிருத்த மஜும்தாரும், இன்னும் எளிதாகத் தேடக்கூடிய ஒரு தனிவகை வர்க்கக் கூடுதலைக் கொண்டு, ஒற்றைக் காலில் நிற்கும் அட்லஸ் ரோபோவின் 30 நிலை மாறிகள் கொண்ட மாதிரிக்கே சமநிலைச் சான்று கண்டனர்.

அடுத்த கேள்வி: விடை எவ்வளவு சிக்கலான எண்ணாக இருக்கும்? வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி. வட்டத்தில் அதற்கு மிக அருகிலுள்ள இடம் எது? மையத்தின் வழியே கோடு போட்டால் இரண்டு இடங்கள் கிடைக்கும், ஒன்று அருகில், ஒன்று தொலைவில். நீள்வட்டம் என்றால் நான்கு இடங்கள் வரை வரும்; பெர்காவின் அப்பொலோனியஸ் கூம்பு வெட்டுகள் பற்றிய நூலின் ஐந்தாம் பாகத்தில் ஆராய்ந்த பொருள் இது. இப்படி எந்த வளைவரைக்கும் பரப்புக்கும் ஓர் எண் உண்டு. அதை யூக்ளிட் தொலைவுப் படி என்று பெயரிட்டு 2016இல் வெளிவந்த கட்டுரையில் வளர்த்தெடுத்தவர்கள் ஐவர். பெர்ன்ட் ஸ்டர்ம்ஃபெல்ஸும் ரேகா தாமஸும் அவர்களில் இருவர்.

கேமராக்களுக்கு இந்த எண் நேரடியாகத் தேவை. ஒரே பொருளை இரண்டு கேமராக்கள் படம் பிடிக்கின்றன. படங்களில் சிறு பிழைகள் இருக்கும். பொருள் உண்மையில் எங்கே இருந்தது என்று கணிக்க வேண்டும். இரண்டு கேமராவுக்கு அந்தக் கணக்கின் படி 6. மூன்றாவது கேமரா சேர்ந்தால் 47. எத்தனை கேமராவானாலும் படி என்ன என்று சொல்லும் முப்படிச் சூத்திரத்தை லாரென்ட்ஷியு மாக்சிம், ஹோசே ரோட்ரிகஸ், பொடாங் வாங் ஆகியோர் 2020இல் இடவியல் கருவிகளைக் கொண்டு நிறுவினர்.

செமிடெஃபினிட் திட்டமிடலுக்கும் இதே கேள்வியை ஜியாவாங் நீ, கிரிஸ்டியன் ரானெஸ்டாட், ஸ்டர்ம்ஃபெல்ஸ் ஆகியோர் 2010இல் வெளியான கட்டுரையில் எழுப்பினர். தரவுகள் முழு எண்களாகவே இருந்தாலும் விடை மிக உயர்ந்த படிச் சமன்பாட்டின் மூலமாக அமையும். மூன்று வரிசை அணியில் மூன்று மாறிகள் என்றால் படி 4. ஸ்டைனரின் ரோமன் பரப்பின் படியும் அதுவே. அணியின் வரிசை இருபதைத் தொடும்போது நாற்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட படிகள் வந்து நிற்கின்றன. விடையைத் துல்லியமான சூத்திரமாக எழுத ஆசைப்படுவது வீண். தசமத் தோராயமே இங்கே நடைமுறை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

உதவி ஒருபக்கமாக மட்டும் ஓடவில்லை. ஒரு சமன்பாட்டுத் தொகுதிக்கு எத்தனை தீர்வுகள் என்று எண்ணுவதற்கே குவிவடிவங்கள் கைகொடுக்கின்றன. 1, க, த, கத என்ற நான்கு உறுப்புகள் மட்டும் கொண்ட இரண்டு சமன்பாடுகளை எடுத்தால், படிகளைப் பெருக்கும் பழைய விதி 4 தீர்வுகள் வரை இருக்கலாம் என்கிறது. உண்மையில் பொதுவாக 2தான். உறுப்புகளின் அடுக்குகளைப் புள்ளிகளாகக் குறித்தால் சதுரம் கிடைக்கிறது; இரண்டு சதுரங்களின் கலப்புப் பரப்பளவு அந்த 2ஐத் தருகிறது. டேவிட் பெர்ன்ஸ்டைன் 1975இல் வெளியிட்ட தேற்றம் இது.

ஏன் மூன்று மட்டும்?

ஹில்பர்ட்டின் மூன்று சூழல்கள் நெடுங்காலம் ஒரு விநோதப் பட்டியலாகவே இருந்தன. ஒரே மாறி, இருபடி, இரண்டு மாறியில் நான்காம் படி. இம்மூன்றுக்கும் என்ன உறவு? 2016இல் பிளெகர்மன், கிரிகோரி ஸ்மித், மௌரிசியோ வெலாஸ்கோ ஆகியோர் தந்த பதில், இந்தத் துறையின் அழகான பக்கம்.

முப்பரிமாண வெளியில் ஒரு தளத்துக்குள் அடங்காத வளைவரையை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று புள்ளிகளைத் தேர்ந்து அவற்றின் வழியே ஒரு தளம் வரையலாம். தளம் வளைவரையைக் குறைந்தது மூன்று இடங்களில் வெட்டுகிறது. ஆகவே வளைவரையின் படி 3க்குக் குறையாது. எந்தப் பரிமாணத்திலும் இப்படி ஒரு கீழெல்லை உண்டு. அந்த எல்லையைச் சரியாகத் தொட்டு நிற்கும் வடிவங்கள் மிகச் சில. அவற்றை 1880களில் பாஸ்குவாலே டெல் பெட்ஸோவும் பின்னர் எவ்ஜெனியோ பெர்தினியும் முழுவதுமாக வகைப்படுத்தினர். உகப்பாக்கம் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்து இத்தாலிய வடிவியல் அது.

மூவர் நிறுவிய தேற்றம் இதுதான்: ஒரு வடிவத்தின் மெய்ப்புள்ளிகள் எல்லாவற்றிலும் குறையெண் ஆகாத இருபடிக் கோவை எப்போதும் அந்த வடிவத்தின் மீது வர்க்கங்களின் கூடுதலாக இருக்க வேண்டுமானால், மெய்ப்புள்ளிகள் நிறைந்த அந்த வடிவம் மிகச் சிறிய படி கொண்டதாக இருக்க வேண்டும், அப்படி இருந்தாலே போதும். இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் ஹில்பர்ட்டின் முதல் சூழல், மிகச் சிறிய படி கொண்ட வளைவரை. இரண்டாவது, வெளி முழுவதும். தனித்து நின்ற மூன்றாவது, ஐந்து பரிமாண வெளியில் வாழும் நான்காம் படி வெரோனீசே பரப்பு. டெல் பெட்ஸோவின் பட்டியலிலும் அது தனித்தே நிற்கிறது. 1888இன் தேற்றமும் அதே காலத்து இத்தாலியப் பட்டியலும் ஒரே செய்தியைச் சொன்னவை. அது தெரிய ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின.

நிழல்கள்

எந்தக் குவிவடிவத்தைச் செமிடெஃபினிட் திட்டமிடலால் கையாளலாம்? பழைய தொலைக்காட்சித் திரை போன்ற க⁴ + த⁴ = 1 என்ற வளைவரை ஒரு நல்ல சோதனை. ஸ்பெக்ட்ராஹெட்ரானின் உள்ளிருந்து எந்தத் திசையில் கோடு போட்டாலும், அதன் எல்லைச் சமன்பாட்டின் படி எவ்வளவோ அத்தனை மெய்வெட்டுப் புள்ளிகள் கிடைக்க வேண்டும். திரையின் மையத்திலிருந்து போட்ட கோடோ நான்கில் இரண்டில் மட்டுமே மெய்யாக வெட்டுகிறது. மீதி இரண்டும் கற்பனை எண்கள். ஆகவே திரை ஸ்பெக்ட்ராஹெட்ரான் அல்ல. ஆனால் க²-க்கும் த²-க்கும் இரண்டு புதிய மாறிகளைச் சேர்த்தால் நான்கு பரிமாணத்தில் ஒரு ஸ்பெக்ட்ராஹெட்ரான் கிடைக்கிறது. திரை அதன் நிழல். கணினிக்கு நிழலே போதும்.

அப்படியானால் பல்லுறுப்பு அசமன்பாடுகளால் வரையறுத்த எல்லாக் குவிவடிவங்களும் இப்படி நிழல்கள்தானா என்று 2006இல் மாட்ரிட் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டு உரையில் நெமிரோவ்ஸ்கி கேட்டார். ஆம் என்று பில் ஹெல்டனும் ஜியாவாங் நீயும் ஊகித்தனர். தளத்திலுள்ள வடிவங்களுக்கு ஊகம் சரி என்று ஜெர்மனியின் கோன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாஸ் ஷைடரர் நிறுவினார். பொதுவில் அது தவறு என்று 2018இல் வெளியான கட்டுரையில் நிறுவியவரும் அவரே. அவர் காட்டிய எதிர்ச்சான்றுகளில் ஒன்று, குறையெண் ஆகாத கோவைகள் எல்லாம் சேர்ந்த கூம்பு. எந்தப் படியில், எத்தனை மாறியில் அது நிழலாகும்? ஹில்பர்ட்டின் மூன்று சூழல்களில் மட்டும். வேறெங்கும் ஆகாது.

ஸ்பெக்ட்ராஹெட்ரானைப் பற்றிய கேள்விக்கும் நீண்ட கதை உண்டு. உள்ளிருந்து போட்ட எல்லாக் கோடுகளும் முழு எண்ணிக்கையில் மெய்யாக வெட்டும் என்ற அந்தப் பண்புக்கு அதிபரவளையப் பண்பு என்று பெயர். அலைகளைப் பற்றிய வகைக்கெழுச் சமன்பாடுகளை ஆராய்ந்த லார்ஸ் கோர்டிங்கும் பீட்டர் லாக்ஸும் 1950களில் இதைக் கண்டு வளர்த்தனர். அப்படிப்பட்ட கோவைகள் குவிவான கூம்பை அடைக்கும் என்பது கோர்டிங்கின் தேற்றம். தளத்தில் அந்தப் பண்பு இருந்தாலே போதும், வடிவம் ஸ்பெக்ட்ராஹெட்ரான்தான் என்று ஹெல்டனும் விக்டர் வினிகோவும் 2007இல் வெளியான கட்டுரையில் நிறுவினர். லாக்ஸ் 1958இல் முன்வைத்த ஊகம் இதிலிருந்தே கைகூடுகிறது என்பதை ஆட்ரியன் லூயிஸ், பரீலோ, மோட்டகுரி ரமணா ஆகியோர் 2005இல் வெளியிட்டனர்.

ஒரு பரிமாணம் கூடினால் நிலைமை வேறு. முப்பரிமாண வெளியில், உள்ளிருந்து எந்தத் திசையில் கம்பியை நீட்டினாலும் எல்லைப் பரப்பை அதன் படிக்குச் சமமான மெய்ப்புள்ளிகளில் குத்தும் குவிவடிவம் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். சமோசாவைப் போல அதற்கும் ஒரு செமிடெஃபினிட் அணி இருந்தே தீருமா? பொது லாக்ஸ் ஊகம் எனப்படும் இது ஆம் என்கிறது. நிறுவியவர் இல்லை, மறுத்தவரும் இல்லை. ஊகத்தின் இன்னும் வலுவான வடிவம் ஒன்றை 2011இல் பீட்டர் பிராண்டேன், வாமோஸ் மேட்ராய்டு என்ற சேர்மான அமைப்பைக் கொண்டு வீழ்த்தினார். பிரசாத் ராகவேந்திரா, நிக் ரைடர், நிகில் ஸ்ரீவத்சவா, பெஞ்சமின் வைட்ஸ் ஆகியோர் 2019இல் இன்னொரு உண்மையைச் சேர்த்தனர். பொது ஊகம் சரியாகவே இருந்தாலும், மாறிகள் கூடக் கூடச் சில கூம்புகளுக்குத் தேவைப்படும் அணிகளின் வரிசை அடுக்குக்குறி வேகத்தில் பெருகும். சான்று இருக்கும், ஆனால் எந்தக் கணினியின் நினைவகத்திலும் கொள்ளாது. முப்பரிமாணத்தில் கம்பிகளை நீட்டிக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது.